எல்லா இடத்திலும் நின்றவருக்குச் சுவரில் ஓர் இடம்

கனடாவில், ஸ்காபரோவில் நம்மவர் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாட்டோடு ஒரு நினைவு மலரும் கையில் தருவார்கள். பளபளக்கும் தாளில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு அச்சாகியிருக்கும். அந்த வரலாறுகளில் பெரும்பங்கு நான் எழுதியவை. பகலில் வாகனக் காப்புறுதி விற்கிறேன். மிச்ச நேரத்தில் இறந்தவர்களை நல்லவர்களாக்குகிறேன். என் கையில் கஞ்சர் சிக்கனமானவர் ஆவார். சண்டைக்காரர் கொள்கைப் பிடிப்புள்ளவர் ஆவார். வாழ்நாள் முழுவதும் வேலைக்குப் போகாமல் தப்பியவர் ‘குடும்பமே உலகமென வாழ்ந்தவர்’ ஆவார். மண்டபத்தில் மலரை வெளியிட்டு ஒரு பேச்சும் பேசுவேன். அழ வராதவர்களையும் அழவைப்பேன். இதில் பெருமை ஒன்றுமில்லை; வெங்காயமும் அதைத்தான் செய்கிறது.

வெக்ஸ்போர்டில் எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் இருப்பவர் வெள்ளைக்காரர். எழுபது தாண்டிவிட்டது, மனைவி இல்லை, அதிகம் பேசமாட்டார். அவர் ஆங்கிலத்தில் பேசுவதெல்லாம் என் காதில் என்னவோ யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதிவிடுகிறேன், எனக்கும் சுகம், உங்களுக்கும் சுகம்.

எதிர்வீட்டு அங்கிள் ஒருவரின் நினைவு நாளுக்கு இவரும் வந்திருந்தார். என் பேச்சில் ஒரு சொல்லும் விளங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். வினை அங்கேதான் தொடங்கியது.

பெப்ரவரியில் ஒரு காலை. பனி முழங்காலுக்கு மேல். தன் வாசலைத் துப்புரவாக்கிய கையோடு என் வாசலையும் பனி தள்ளும் இயந்திரத்தால் வழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பனிக்காலமும் அப்படித்தான்; நான் வேண்டாம் வேண்டாம் என்று மெல்லிய குரலில் சொல்வதும் அப்படித்தான். அன்றைக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீர் செத்தவையைப் பற்றிப் பேசுறனீர்தானே?”

“ஓம்.”

“என்ர அப்பப்பாவைப் பற்றிப் பேசுவீரோ?”

நான் உடனே துக்க முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். “எப்ப மோசம் போனவர்?”

“நான் பள்ளிக்கூடம் போக முந்தி.”

துக்க முகத்தைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று தெரியவில்லை. அவர் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பப்பா வேல்ஸ் நாட்டுக்கு றக்பி விளையாடியவர். முதலாம் உலகப் போருக்கு முந்திய காலம். போர் முடிந்து ரொறொன்ரோவுக்கு வந்து, ட்ராம் திருத்தும் பட்டறையில் வேலை செய்துகொண்டு, இங்குள்ள ஒரு கழகத்துக்கு நரைத்த தலையோடும் விளையாடியிருக்கிறார். அந்தக் கழகம் இப்போது நகரின் கிழக்கு ஓரம், ரூஜ் பக்கத்தில் புதுக் கட்டிடம் கட்டிவிட்டது. பழைய கட்டிடத்தில் அப்பப்பாவின் படம் எப்போதும் தொங்கியது. புதுக் கட்டிடத்தில் பதினைந்து படப் பிறேம் மட்டும். றக்பி அணியில் பதினைந்து இடம். ஒவ்வோர் இடத்திலும் கழகத்துக்காக அதிக ஆட்டம் ஆடியவருக்கு ஒரு பிறேம். மிச்சப் படங்கள் பெட்டிக்குள் போய் நிலக்கீழ் அறைக்கு.

“அப்பப்பா எந்த இடத்திலை விளையாடினவர்?” என்று கேட்டேன்.

“அதுதான் பிரச்சினை. கிட்டத்தட்ட எல்லா இடத்திலையும்.”

யார் வரவில்லையோ அவருடைய இடத்தில் நின்ற மனிதர். ஆகவே எந்த இடத்திலும் அதிக ஆட்டம் இல்லை. ஆகவே பிறேம் இல்லை. கழகம் ஒரே ஒரு சலுகை தந்திருந்தது: ஆட்சேபம் உள்ள குடும்பத்தார் மார்ச் மாதக் கூட்டத்தில் வந்து பேசலாம்.

“நீங்களே பேசலாமே?”

“நாலு பேர் என்னைப் பார்த்தா எனக்கு வாய் காய்ஞ்சுபோகும். என்ர கலியாணத்திலையே ‘ஓம்’ எண்டதைப் பாதிரியார் ரெண்டாந்தரம் கேட்டவர்.”

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் பாதிப் பனி இன்னும் அள்ளப்படாமல் கிடந்தது.

“செய்யிறன்,” என்றேன். அவர் இயந்திரத்தை மறுபடி முடுக்கினார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“உங்களுக்கு றக்பி தெரியுமே?”

“பந்து முட்டை வடிவம் எண்டு தெரியும்.”

“அது காணுமே?”

“கிரிக்கெட்டைப் பற்றி அதுகூடத் தெரியாமல் எத்தினை பேர் கதைக்கினம்.”

“இஞ்சாருங்கோ, அங்கை இங்கிலீசிலை பேசவேணும். ‘பாசமிகு கணவரும்’ எண்டு தொடங்கேலாது.”

அதோடு அவள் கத்தரிக்காய்க்குத் திரும்பிவிட்டாள். மார்ச் மாதம் வரை வேலையிலும் எனக்கு அதே நினைப்புத்தான். காப்புறுதி வாங்க வந்தவரிடம் ‘அன்னாரின் வாகனம் எந்த வருடத்தது?’ என்று கேட்டிருக்கிறேன். அவர் பாவம், எழும்பிப் போய் வேறோர் இடத்தில் வாங்கினார்.

றக்பி தெரிந்த தமிழர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மோர்னிங்சைட்டில் இருக்கும் ஓர் அண்ணை. கொழும்பில் படித்தவர், பள்ளி அணியில் விளையாடினதாகச் சொல்வார். அவருடைய மூக்கைப் பார்த்தால் நம்பலாம். அவரைத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு வரச் சொன்னேன். அவர் வந்ததும் எட்டு மட்டன் ரோல்ஸும் ஏழு வடையும் கொண்டுவரச் சொன்னார்.

“அண்ணை, ரெண்டு பேருக்கு இவ்வளவோ?”

“கை வைக்காதையும் ஐசே. இதுதான் ரீம்.”

மேசையில் ரோல்ஸை மூன்று வரிசையாக அடுக்கினார். “இவை எட்டுப் பேரும் ஃபோர்வர்ட். தடியன்கள். தலையைக் கீழை போட்டுத் தள்ளுப்படுறது இவையின்ர வேலை. அதுக்குப் பேர் ஸ்க்ரம். பிறகு இந்த ஏழு வடையும் பின்னாலை விரிஞ்சு நிக்கும். மெல்லிய ஆக்கள், ஓடுற ஆக்கள். முன்வரிசை நடுவிலை நிக்கிற ரோல்ஸைப் பார்த்தீரோ? அவர் ஹூக்கர். பந்தைக் காலாலை கொழுவி இழுக்கிறவர்.”

“பந்தை முன்னுக்கு எறியலாமோ?”

“ஏலாது. பின்னுக்குத்தான் எறியலாம். ஆனா முன்னுக்கு ஓடவேணும்.”

“எங்கட சங்கங்கள் மாதிரி.”

“பகிடி விடாமல் கேளும். இனி உம்மட ஆளின்ர கதையைச் சொல்லும்.”

நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டறிந்ததைச் சொல்லச் சொல்ல, அண்ணை ஒரு வடையைத் தூக்கித் தூக்கி மேசையில் இடம் மாற்றி வைத்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த இளைஞர். மேலதிக ஆளாகத்தான் வேல்ஸ் அணியோடு போனார். இடது விங்கில், மைதானத்து ஓரத்தில், நிற்கவேண்டியவர் ரயிலைத் தவறவிட்டதால் இவரை இறக்கினார்கள். காலில் போட்ட சப்பாத்துக்கூட இரவல். அடுத்த ஆட்டத்துக்கு நடுவில் நிற்கும் சென்ரர் ஆளுக்குக் காய்ச்சல், இவர் சென்ரர். அதற்கடுத்தது ஹாஃப் பாக், ஸ்க்ரமின் காலடியில் நின்று பந்தைப் பொறுக்கிக் கொடுக்கும் வேலை. பிறகு கடைசி வடையின் இடம், ஃபுல் பாக். எல்லோரும் கோட்டை விட்ட பிறகு தனியாக நின்று பிடிக்கவேண்டியவர்.

“நாலு ஆட்டம், நாலு இடம்,” என்றார் அண்ணை. “உது லேசுப்பட்ட விஷயமில்லை. ஒருத்தன் தவில், நாதஸ்வரம், தாளம், ஒத்து எல்லாம் வாசிச்ச மாதிரி.”

“அஞ்சாவது ஆட்டமும் இருக்கு. வலது விங்கிலை தொடங்கினவர். இடையிலை ஒரு ஃபோர்வர்டுக்குத் தோள் எலும்பு முறிஞ்சு போச்சு. அந்தக் காலத்திலை மாற்று ஆள் இறக்கேலாதாம்.”

“ஓம், ஏலாது. அப்ப?”

“இவர் ஸ்க்ரமுக்குள்ளை போனவர்.”

அண்ணை வடையைத் தூக்கி ரோல்ஸுகளுக்கு நடுவில் வைத்தார். இரண்டு பக்கமும் ரோல்ஸை நெருக்கினார். வடை உடைந்தது.

“பாவம் மனுசன்,” என்றார். பிறகு அந்த வடையை எடுத்துச் சாப்பிட்டார். அதைத் தொடர்ந்து அணி முழுவதும் போனது. நான் ஹூக்கரையும் இரண்டு சென்ரரையும் சாப்பிட்டேன்.

கூட்ட நாள் மாலை பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய கோட்டு அணிந்து, அப்பப்பாவின் படத்தைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினார். வழியெல்லாம் நான்தான் பேசினேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. ரூஜ் போய்ச் சேர்வதற்குள் என் பள்ளிக்கூடம், என் கொலஸ்ட்ரோல், என் மைத்துனனின் வீட்டுக் கூரை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன்.

கழகத்தின் புது மண்டபத்தில் இன்னும் பெயின்ற் மணந்தது. அறுபது எழுபது பேர் இருப்பார்கள், பாதிப்பேர் வயதானவர்கள். சப்பை மூக்குகள், நசிந்த காதுகள், ஒவ்வொருவருடைய கழுத்தும் என் தொடை அளவு. சுவரில் பதினைந்து பிறேமும் ஏற்கனவே மாட்டியாகிவிட்டது. தலைவர் ஓர் ஆறடி மனிதர், முன்னாள் ஃபோர்வர்ட். அவர் கைகுலுக்கியபோது என் கையில் இருந்த மோதிரம் ஓர் எலும்போடு பேசியது.

பக்கத்து வீட்டுக்காரர் கடைசி வரிசையில், சுவரோடு சுவராக, படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தலைவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தயார் செய்துகொண்டு போன முதல் வசனம் வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. அப்பப்பாவைத் தேடினால் மண்டைக்குள் ரோல்ஸும் வடையும்தான் இருந்தன. அண்ணை அவற்றைத் தின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் வாய், என்னைக் கேளாமல், இருபது வருடமாக மண்டபங்களில் பழகிய வேலையைத் தானே செய்தது.

“அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

நல்ல ஆங்கிலத்தில்தான் வந்தது. நம்முடைய எந்த நிகழ்ச்சியும் அப்படித்தான் தொடங்கும். பாட்டுப் போட்டியும் அப்படித்தான், சமையல் போட்டியும் அப்படித்தான். நம்மில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் இவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மண்டபம் திடுக்கிட்டது. கதிரைகள் கிறீச்சிட்டன. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். எல்லாத் தலையும் குனிந்தது.

தலைவர் என் காதோடு குனிந்தார். “ஆர் செத்தது?”

“அவர்தான்,” என்று கிசுகிசுத்தேன்.

“எப்ப?”

“கொஞ்சம் முந்தி.”

அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அஞ்சலியைத் தொடங்கியவர்தான் அதை முடித்துவைக்க வேண்டும், ‘நன்றி, அமருங்கள்’ என்று. அந்த இரண்டு சொல்லையும் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்ததாகப் பேச்சைத் தொடங்க வேண்டுமே! நின்றேன். அவர்களும் நின்றார்கள். எங்கோ ஒரு முழங்கால் சத்தம் போட்டது. ஒருவர் மெல்லப் பக்கத்துத் தோளில் கை ஊன்றினார். இனி இப்படியே இரவாகி, ஆளாளுக்கு வீட்டுக்குப் போய்விட்டால் எவ்வளவு நல்லது என்று நான் மனதார வேண்டிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

“மழை பெய்தது.”

பக்கத்து வீட்டுக்காரர். ஒரு தலையும் நிமிரவில்லை. மௌன அஞ்சலியில் திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்று எல்லா நாட்டிலும் தெரியும்போலும். ஒருவரும் தன்னைப் பார்க்காததால் அவருக்கு வாய் காயவில்லை. இது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது விளங்கியதெல்லாம், நான் பேசவேண்டியதில்லை என்பது ஒன்றுதான்.

“அப்பப்பா வேல்ஸுக்கு ஆடின கடைசி ஆட்டம். ஒரு ஃபோர்வர்டுக்குத் தோள் எலும்பு முறிஞ்சு தூக்கிக்கொண்டு போனவை. கப்டன் சுத்திவரப் பார்த்தவர். விங்கிலையும் சென்ரரிலையும் நிண்டவையெல்லாம் தங்கட சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டவை. அந்த மைதானத்திலை ஆகப் பாரம் குறைஞ்ச ஆள் அப்பப்பாதான். அவர் கையைத் துடைச்சுப்போட்டு ஸ்க்ரமுக்குள்ளை போனவர். மற்றப் பக்கம் அவரைத்தான் குறிவைச்சுத் தள்ளினது. காதிலை பாதியை அங்கை விட்டிட்டு வந்தவர்.”

“வெண்டவையோ?” என்று முன்வரிசையில் ஒரு கிழவர், குனிந்த தலை நிமிராமல், நிலத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இல்லை. தோத்தவை.”

“சேச்சே,” என்றார் கிழவர், நிலத்திடம்.

“அதுக்குப் பிறகு நாட்டு அணிக்கு அவரைக் கூப்பிடேல்லை. அவரை எங்கை போடுறதெண்டு அவைக்குத் தெரியேல்லை. சின்னப் பிள்ளையா அவற்றை மடியிலை இருந்து அந்தப் பாதிக் காதைப் பிடிச்சு விளையாடினது எனக்கு ஞாபகம் இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “அவரை எங்கை போடுறதெண்டு இப்ப உங்களுக்கும் தெரியேல்லை.”

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. இது நான் கேட்டு வாங்கிய மௌனம் அல்ல.

நான் ஒலிவாங்கிக்குள் “நன்றி, அமருங்கள்,” என்றேன். அன்று என் பேச்சு அவ்வளவுதான். என் வாழ்நாளில் ஆகச் சிறந்ததும் அதுதான் என்று மனைவி சொல்கிறாள்.

இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். தலைவர் கையை உயர்த்தினார். மனது உருகிவிட்டது, ஆனால் விதி விதிதான் என்றார். விதியை மாற்றினால் இன்னும் நாற்பது குடும்பம் படத்தோடு வரும். ஒருவர் எழுந்து, இக்காலத்தில் மாற்று ஆட்கள் குந்தியிருக்க ஒரு வாங்குப் பலகை இருக்கிறதே, பதினைந்துக்குக் கீழே ஒரு வாங்கு வரைந்து அதில் அவரை இருத்தலாம் என்றார்.

“அவர் ஒருநாளும் வாங்கிலை இருக்கேல்லை,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வாய் காய்ந்துவிட்டது தெரிந்தது, ஆனாலும் சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த இடத்தில் வீரம் வந்துவிட்டது. இப்படியான சிக்கலுக்கு நம்மிடம் கைகண்ட மருந்து உண்டு. எந்தப் பதவியிலும் அடங்காத மனிதரைப் ‘போசகர்’ ஆக்கிவிடுவோம். அதையே சொன்னேன்.

“போசகர் என்ன செய்வார்?” என்று தலைவர் கேட்டார்.

“எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். முன்வரிசையிலை இருப்பார். ஒண்டும் செய்யமாட்டார்.”

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த பனிக்காலம் முழுவதும் நானே பனி அள்ளவேண்டி வரும்போல் இருந்தது. அவர் எழுந்து, படத்தைத் தூக்கிக்கொண்டு சுவரை நோக்கி நடந்தார். கோபித்துக்கொண்டு வெளியே போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன். அவர் பிறேம்களுக்கு முன்னால் நின்றார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய், முன்வரிசை நடுவில் இருந்த பிறேமில் விரலை வைத்தார். அதற்குள் ஒரு பெயர் மட்டும் இருந்தது. முகம் இல்லை.

“இவர் எங்கை?”

“அவர் எங்கட ஹூக்கர்,” என்றார் தலைவர். “படம் கிடைக்கேல்லை. குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறம்.”

“அப்ப, அவர் இன்னும் வரேல்லை.”

“வரேல்லை.”

“அவர் வருமட்டும் அப்பப்பா நிக்கட்டும்.”

தலைவர் வாயைத் திறந்தார். “உங்கட அப்பப்பா ஹூக்கரா விளையாடினதே இல்லையே?”

முன்வரிசைக் கிழவர் இப்போது தலையை நிமிர்த்தினார். “அண்டைக்கு ஸ்க்ரமுக்குள்ளை மட்டும் என்ன, விளையாடிப் பார்த்திட்டோ போனவர்? கையை உயர்த்துங்கோடா!”

கைகள் உயர்ந்தன. தலைவருடைய கை கடைசியாக. என்னுடையதும் உயர்ந்தது, நீ உறுப்பினர் இல்லை என்று யாரோ சொல்லி இறக்கிவிட்டார்கள். பெயர்த் துண்டை எடுக்கவில்லை. அந்தப் பெயருக்கு மேலே அப்பப்பா ஏறிக்கொண்டார், பாதிக் காதோடு, இரவல் சப்பாத்துக்காரருக்கு இரவல் பிறேம்.

அன்று தொடங்கிய பயம் எனக்கு இன்னும் விடவில்லை. அந்த ஹூக்கரின் படம் ஒருநாள் கிடைத்துவிடுமே! பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கமாட்டார் என்று கழகத்தில் என் இலக்கத்தைக் கொடுத்து வைத்திருக்கிறார். திரையில் தலைவரின் பெயர் விழும்போதெல்லாம் எனக்கு மாரடைப்புக்கு முந்திய ஒத்திகை நடக்கும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரின் உறுப்பினர் சந்தாவைப் பற்றிக் கேட்க எடுத்தார். ஒருமுறை மௌன அஞ்சலிக்கு என்னை மறுபடி அழைக்கலாமா என்று கேட்க எடுத்தார். இரண்டு தரமும் நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேதான் பேசினேன்.

போன வாரம் வந்ததுதான் உண்மையான அழைப்பு. ஒட்டாவாவில் ஒரு வீட்டு நிலக்கீழ் அறையில் படம் அகப்பட்டுவிட்டது. தபாலில் வருகிறது.

செருப்பும் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவர் பின்வளவுத் தோட்டத்தில் தக்காளிக் கன்றுகளுக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, மரணச் செய்தி சொல்லும் குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவர் தடியை இறுக்கிக் கட்டினார்.

“நல்லது. அந்த மனுசன்ர குடும்பத்துக்குச் சந்தோசமாயிருக்கும்.”

“உங்கட அப்பப்பா?”

“இரண்டாம் வரிசையிலை ஒருத்தற்றை படம் ஈரம் பட்டு மங்கிப்போச்சு, பார்த்தனீரோ? திருத்தக் கொடுத்தால் கனநாள் எடுக்கும். அதுமட்டும் அந்த இடத்திலை ஆளில்லை.” எழுந்து கையைத் துடைத்தார். “உம்மட்டை ஸ்க்ரூ ட்ரைவர் ஒண்டு இருக்கோ?”